ட்ராபி காரில் பேர்லின்

மச்சான்,

முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். இப்போது படி ஏறுகிறாயா? ரொறொன்ரோ பனிக்குள் அவசரப்பட்டு வெளியே இறங்காதே. வட்சப்பில் குரல் அனுப்பினால் உனக்குப் பிடிக்காது, எழுது என்று சொல்வாய். சரி, எழுதுகிறேன்.

போன கிழமை பேர்லினுக்குப் போனேன். சிரிக்காதே. நாற்பது வருடத்துக்கு மேல் டோர்ட்முண்டில் இருந்துகொண்டு இப்போதுதான் போகிறேன். முதலில் அகதி என்று வதிவிடப் பகுதியைத் தாண்ட விடவில்லை. பிறகு குசினி வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்புறம் போகாமலிருப்பதற்குச் சாட்டே தேவைப்படவில்லை. இப்போது மகனுக்கு அங்கே வேலை. அவன்தான் எனக்குச் சொல்லாமலே ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டி வைத்திருந்தான். பஸ்ஸில் இல்லை, ட்ராபி காரில். அதுவும் நாமே ஓட்ட வேண்டுமாம்.

கிழக்கு ஜேர்மனிக்காரரின் ட்ரபான்ட் கார், அதுதான் ட்ராபி, ஞாபகமிருக்கிறதா? இரண்டு சிலிண்டர், 26 குதிரை வலு. உடம்பு தகரம் இல்லை. கழிவுப் பஞ்சையும் பிசினையும் சூட்டில் அழுத்திச் செய்த பலகை. விரலால் தட்டினால் பழைய சூட்கேஸைத் தட்டுவதுபோல் கேட்கும். பழைய மொடல்களில் பெற்றோல் முள்ளே கிடையாது. பொனற்றைத் திறந்து தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும், நாங்கள் மண்ணெண்ணெய் பீப்பாவுக்குள் ஈர்க்கு விட்டுப் பார்த்தோமே, அப்படி. இதை வாங்குவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு அந்தச் சனம் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தது.

கியர் கைப்பிடி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மகனால் முதல் கியரையே போட முடியவில்லை. நான் மாறி இருந்தேன். உன் அப்பாவின் ஏ-40 சோமசெற்றில், உங்கள் ஒழுங்கைக்குள் வேலியைச் சாய்த்துச் சாய்த்துப் பழகிய கை அல்லவா, மறக்கவில்லை. பெற்றோலோடு ஒயில் கலந்து எரியும் அந்தப் புகை வந்ததும் எங்கள் கணக்கு வாத்தியாரின் லம்பிரெட்டா மணம். அரை நிமிடம் நான் பேர்லினில் இல்லை.

முன்னால் வழிகாட்டிப் பெண்ணின் கார், பின்னால் தாராக் குஞ்சுகள் மாதிரி நாங்கள் ஐந்து கார். அவள் பேசுவது ரேடியோவில் கேட்கும். பிராண்டன்பேர்க் வாசலைத் தள்ளி நின்றுதான் பார்த்தோம், 2002 முதல் அதற்குள்ளால் வாகனம் விடுவதில்லை. மேலே நிற்கும் குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிக்கொண்டு போய், எட்டு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்ததாம். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம், யூதர் நினைவிடத்தின் 2711 கொங்கிறீற் கற்கள் எல்லாம் காரை விட்டு இறங்காமலே போயின. அந்தக் கற்களை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. பஞ்சுப் பலகைக் காரில் கோர்ன் அடித்துக்கொண்டு கடக்கிற இடமில்லை அது.

தொலைக்காட்சிக் கோபுரம் உனக்குப் பிடித்திருக்கும். 368 மீட்டர், 1969இல் திறந்தது. கடவுள் இல்லை என்ற அரசாங்கம் கட்டிய கோபுரம். வெயில் பட்டால் மேலே இருக்கிற உருண்டையில் சிலுவை தெரிகிறது. 'பாப்பரசரின் பழிவாங்கல்' என்று ஊர்ச்சனம் பெயர் வைத்ததாம்.

கிழக்கு பேர்லினையும் மேற்கையும் பிரித்த சுவர் நின்ற இடத்தில் தெருவுக்குக் குறுக்கே இரண்டு வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்கள். ட்ராபியில் ஸ்பிரிங் என்று சொல்ல ஒன்றுமில்லை, அதனால் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் முதுகெலும்பில் கடக் கடக் என்று தெரியும். சுவரில் குறைந்தது 140 பேர் செத்தார்கள் என்று ரேடியோவில் சொன்னாள். அப்போது கார் திரும்பி பிறீட்றிக் ஸ்றாச ரயில் பாலத்துக்குக் கீழே போய் சிவப்பு லைற்றில் நின்றது.

பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். கண்ணீர் மாளிகை, மேற்கே போகிறவர்களை வழியனுப்பிய மண்டபம், இப்போது நூதனசாலை என்று இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த ஸ்டேசனில் தெரிந்தது நீதான். 1984, உன் மாமாவின் கோட், கை உன் விரலைத் தாண்டி நீண்டிருந்தது. மொஸ்கோவில் மாறி வந்த பிளேனில் தந்த பாணை இரண்டு நாள் வைத்துத் தின்றோம். சீருடைக்காரன் ட்ரான்சிட் விசாவைப் பார்த்தான், எங்கள் முகத்தைப் பார்த்தான், விட்டுவிட்டான். அடுத்த ரயில் ஏறினால் மேற்கு. அந்தப் பக்கம் ஒருவரும் மறிக்கவில்லை. மறித்துப் பாஸ்போட் கேட்டால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மேற்கின் கணக்கு என்று எங்களுக்கு அப்போது தெரியாது, பிள்ளையார் கண் திறந்தார் என்று நினைத்தோம். அந்த நாட்டுப் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட சுவரை நாங்கள் ரிக்கற் வாங்கிக் கடந்தோம், மச்சான். 1985இல் இரண்டு அரசும் பேசி அந்த வழியைத் தமிழருக்கு அடைத்தன. ஒரு வருடம் பிந்தியிருந்தால் நீயும் நானும் எங்கே?

பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டியும் நின்றுவிட்டது. பின்னால் ஒரே கோர்ன் சத்தம், ரேடியோவில் "நாலாவது கார், என்ன பிரச்சினை?" என்று அவள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

இரவு மகனுக்கு முழுக்கதையையும் சொன்னேன். சாப்பாடு ஆறிப் போனது. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். நீ கேட்கவில்லையே என்றேன், அது பாதிப் பொய். இப்போது அவனுக்கு அந்த விசா முத்திரையைப் பார்க்க வேண்டுமாம். என் பாஸ்போட்டை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னுடையது இன்னும் அந்த பிஸ்கற் தகரத்துக்குள் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மாமாவின் கோட் என்ன ஆனது என்றும் எழுது.

உன் பழைய கூட்டாளி