காரைக்குடி ரயிலடியில் நாமே எடுத்து ஓட்டும் கார் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ருத் பாரத் நிலையத் திட்டப் பட்டியலில் காரைக்குடி ஜங்ஷன் இருக்கிறது. புது முகப்பு, லிஃப்ட், காத்திருப்பு அறை எல்லாம் வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் ரயிலை விட்டு இறங்கியவர் அடுத்து எதில் ஏறுவார் என்று யாரும் பேசிக் கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மதியத்துக்கு மேல் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் ராத்திரிதான் இங்கே வந்து சேருகிறது. அந்த நேரத்தில் கானாடுகாத்தானுக்கும் நெற்குப்பைக்கும் பஸ்ஸை நம்பி யார் இறங்குவார்? தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கினால் தேவகோட்டை ஊருக்குள் போக இன்னும் பல கிலோமீட்டர் இருக்கிறது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் வேறு வழியில்லாமல், இறங்கியதிலிருந்து திரும்ப ரயில் ஏறும்வரை ஒரே காரை டிரைவரோடு பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கார் பாதி நேரம் வீட்டு வாசலில் சும்மா நிற்கும், டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பார், வெயிட்டிங்கும் பேட்டாவும் ஏறிக்கொண்டே போகும். முகூர்த்த நாள் என்றால் அந்தக் காரும் கிடைக்காது.

நான் கேட்பது, ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் பொதுக் கார். உறுப்பினராகச் சேர்ந்தவர் முன்பதிவு செய்து, தானே திறந்து ஓட்டிப் போய், வேலை முடிந்ததும் அதே இடத்தில் விட்டுவிட்டு ரயில் ஏறலாம். மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, எரிபொருள் அதற்குள்ளேயே அடக்கம். சுவிட்சர்லாந்தில் 1987-ல் இரண்டு சின்னக் கூட்டுறவு அமைப்புகள் இப்படித் தொடங்கின. 1997-ல் இரண்டும் சேர்ந்து மொபிலிட்டி என்ற ஒரே அமைப்பாகி, இன்று சுமார் 3,000 கார்களோடு, ரயில் நிலையங்களையே முக்கிய இடமாக வைத்து ஓடுகின்றன. ஜெர்மனியில் ரயில்வேயே 2001-ல் இந்த வேலையில் இறங்கியது. எடுத்த ஸ்டாண்டில் விட வேண்டியதில்லை, வேறு எந்த ஸ்டாண்டிலும் விடலாம் என்று பாரிஸில் 2011-ல் தொடங்கிய ஆட்டோலிப், பெரிய கடனில் சிக்கி 2018-ல் மூடப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஆனால் நம் பக்கத்துக்கு எடுத்த இடத்திலேயே விடும் முறைதான் பொருந்தும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று கோயில்களைச் சுற்றிவிட்டு ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் பார்த்துவிட்டு வருகிறவர், கடைசியில் ரயிலடிக்குத்தானே வந்தாக வேண்டும்.

இதில் கார் பெரிய விஷயமே இல்லை, பூட்டுதான் விஷயம். ஆரம்ப காலத்தில் ஐரோப்பாவில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் எல்லாக் கார்களின் சாவியும் தொங்கும், உறுப்பினர் திறந்து எடுத்துக்கொண்டு, எவ்வளவு ஓட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். இப்போது அந்த வேலையைக் காருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கருவி செய்கிறது. அதில் சிம் உண்டு, ஜிபிஎஸ் உண்டு, கதவுப் பூட்டோடும் ஸ்டார்ட்டரோடும் அது இணைந்திருக்கும், எரிபொருள் அளவையும் ஓடிய தூரத்தையும் அதுவே படித்து அனுப்பும். காரின் முன்கண்ணாடியில் உறுப்பினர் கார்டைக் காட்டினாலோ போனில் தொட்டாலோ கதவு திறக்கும், சாவி உள்ளேயே ஒரு பிடிப்பில் செருகியிருக்கும். திரும்பி வந்து சாவியை அதே பிடிப்பில் செருகி, கதவைப் பூட்டினால்தான் கணக்கு முடியும்.

நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் போதாது. முதலில் சிக்னல். ஊருக்கு வெளியே போனாலே டவர் விட்டுவிட்டு எடுக்கும் இடங்கள் எத்தனை என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறக்க அந்த நிமிஷத்தில் இன்டர்நெட் வேண்டும் என்று வைத்தால், ராத்திரி பத்து மணிக்கு ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் பிள்ளைகளோடு வெளியே நிற்க வேண்டியதுதான். முன்பதிவு விவரம் முன்கூட்டியே காருக்குள் இறங்கியிருக்க வேண்டும், சிக்னல் இல்லாவிட்டாலும் கார்டுக்குக் கார் திறக்க வேண்டும். இது ஏற்கெனவே இருக்கிற தொழில்நுட்பம்தான், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரயில் நேரம். சாதாரண செல்ஃப் டிரைவ் செயலியில் ஒன்பது மணி என்று போட்டால் ஒன்பது மணியிலிருந்து மீட்டர் ஓடும், ரயில் ஒன்றரை மணி நேரம் லேட் என்றாலும் அதற்கு அக்கறை கிடையாது. ஸ்டேஷன் காருக்கு முன்பதிவு செய்யும்போதே ரயில் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ரயில் எங்கே வருகிறது என்று ரயில்வேயே நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்கிறது, அதை முன்பதிவோடு இணைத்தால் ரயில் தள்ளிப் போகும்போது காரும் தானாகத் தள்ளிப் போகும். ரயிலடிக் காருக்கும் மற்ற வாடகைக் காருக்கும் வித்தியாசமே இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் கீறல் சண்டை. என் மைத்துனர் வெளியூரில் ஒரு கம்பெனியின் காரை எடுத்துவிட்டு, முன்பே பம்பரில் இருந்த கீறலுக்கு அட்வான்ஸை இழந்து வந்தார். எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் போட்டோ எடுக்காமல் பயணம் தொடங்கவும் முடியவும் கூடாது என்று செயலியிலேயே கட்டாயமாக்கினால் பாதிச் சண்டை குறையும். லைசென்ஸ் சரிபார்க்க, ஆவணங்களைப் போனிலேயே வைத்துக் காட்டும் அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. ஸ்மார்ட்போன் பழகாத பெரியவர்களுக்கு ஒரு கார்டும் ஒரு போன் நம்பரும் கட்டாயம் வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், உண்மையான முட்டுக்கட்டை அங்கேதான். 1989-ல் வந்த ரென்ட் எ கேப் திட்டப்படி, கார்களை வாடகைக்கு விட உரிமம் வேண்டுமானால் குறைந்தது 50 கார்கள் வைத்திருக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் சரி. காரைக்குடி ரயிலடியில் 50 காரை நிறுத்திவிட்டு முகூர்த்தம் இல்லாத மாதத்தில் என்ன செய்வது? ஆறு கார், எட்டுக் கார் போதும் இங்கே. ரயில் நிலையத்தில் மட்டும் நடத்தும் சின்ன அமைப்புகளுக்கு அந்த எண்ணிக்கையைத் தளர்த்த வேண்டும்.

ஸ்டாண்டில் நிற்கும் டாக்சிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் வயிற்றில் அடித்துவிட்டு இது வரக் கூடாது. அவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் வண்டிகளை இதில் போடட்டும். ஓட்டத் தெரியாதவர்களுக்கும் ராத்திரியில் ஓட்டப் பயப்படுபவர்களுக்கும் டிரைவரோடு கார் கேட்கும் வசதியும் அதே செயலியில் இருக்கட்டும். ஆச்சிமார் பலர் அதைத்தான் கேட்பார்கள். வண்டி கழுவுவது, சார்ஜ் போடுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் இங்கே உள்ளவர்களுக்கே வேலையாகும்.

சார்ஜ் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை எல்லாம் பக்கத்துப் பக்கம், மின்சாரக் கார் ஒரே சார்ஜில் தாராளமாகச் சுற்றி வந்துவிடும். அதோடு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வரவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இந்த ஊரில் இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சியும் அவர்கள் வேலைதான். நம் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரின் பேட்டரி எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, இதைவிடப் பக்கத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

மதுரைக் கோட்ட ரயில்வே அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. ஸ்டேஷன் வேலை முடிந்து பார்க்கிங் ஏலம் போவதற்கு முன்பே, முகப்பை ஒட்டி எட்டுக் கார் நிற்கும் அளவு நிழலான இடத்தையும், சார்ஜருக்கு ஒரு மின் இணைப்பையும் இதற்கென்று எழுதி ஒதுக்கி வையுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
கோட்டையூர் வாசகர் ஒருவர்