தொட்டிக்குள் பட்டினி கிடக்கும் மண்டரின் மீன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் வட்டாரத்து மீன் கடை ஒன்றில் மண்டரின் என்ற கடல் மீனைப் பார்த்தேன். நீலமும் ஆரஞ்சும் சேர்த்துக் கோலம் போட்டாற்போல் அத்தனை அழகு. வயிறு மட்டும் ஒட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, "தீனி போட்டா சாப்பிடும்" என்றார் கடைக்காரர்.

பெரும்பாலும் சாப்பிடாது, அதுதான் சிக்கல். விரல் நீளமே உள்ள இந்த மீன், பவளப்பாறையில் ஊர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோப்பிபாட் போன்ற உயிர்களை ஓயாமல் கொத்தித் தின்னும். டப்பாவில் வரும் காய்ந்த தீனியை அது உணவாகவே மதிப்பதில்லை. சின்னத் தொட்டியில் இருக்கும் உயிர்களைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அப்புறம் பட்டினிதான். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் ராஸ் மீனுக்கும் கிட்டத்தட்ட இதே கதி.

நானும் கப்பி மீன் வளர்க்கிறவன்தான். மீன் வளர்ப்பவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் கப்பி பண்ணையில் பிறந்தது. கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்தே வருகின்றன. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயக்கிப் பிடிப்பதும் உண்டு, சட்டம் தடுத்தும்கூட.

ஆசைப்படுபவர்கள் பண்ணையில் பிறந்த கோமாளி மீனை வாங்கலாமே. கடைக்காரர்களும், "தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்கலாம்; புதுத் தொட்டியில் அந்தச் சின்ன உயிர்கள் பெருகியிருக்காதே.

ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு