ஞாயிறும் புதனும்

கும்பகோணம்,
மார்கழி 4.

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு நீ, கயல், யாழினி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். தொலைபேசியில் நான் பேச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் நீ உடனே அப்பாவின் சர்க்கரை அளவைக் கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான், ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்க நினைத்தது எனக்கே மறந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீங்கள் மூவரும் ஒரே திரையில் நெருக்கியடித்துக்கொண்டு வருவீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை நீ பேசுகிறாய், புதன்கிழமை கயல் பேசுகிறாள். ஒரு நாள் பேச்சு இரண்டு நாளாயிற்று, நமக்கு லாபம்தான் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பெர்லினிலிருந்து திரும்பியது முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஐரோப்பாவைப் பற்றியே விசாரிக்கிறார்கள். கேள்வியோடு பதிலையும் அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அங்கே குடும்பம் என்பதே கிடையாதாமே, பதினெட்டு வயதானால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களாமே, வயதானவர்களை இல்லத்தில் தள்ளிவிடுவார்களாமே என்று வரிசையாகக் கேட்டார் உன் பெரியகுளத்து அத்தை. அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, என் வாயிலிருந்து ஒரு ‘ஆமாம்’ வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை.

அவர்களிடம் நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக் காக்கிற நாடு அது. கடைகள் மூடிக் கிடக்கும், சுவரில் துளை போடக்கூட அன்று அனுமதியில்லை. நீ என்னை டெம்பல்ஹோஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனாயே, 2008-இல் மூடிய விமான நிலையத்தை அப்படியே மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றாய். பழைய ஓடுபாதையில் தகப்பன்மார்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குவதையும், துருக்கியக் குடும்பங்கள் பாட்டி முதல் பேத்தி வரை விரிப்பில் உட்கார்ந்து அடுப்பு மூட்டிச் சாப்பிடுவதையும் பார்த்தபோது, நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிற இடம் துணிக்கடையாக இருப்பதை நினைத்துக்கொண்டேன். ஐரோப்பாவை ஒரே ஊராக நினைத்துப் பேசுவதும் தவறு. பின்லாந்தில் பிள்ளைகள் இருபத்தொரு வயதளவில் தனி வீடு போய்விடுகிறார்கள். குரோவேஷியாவிலும் இத்தாலியிலும் முப்பது வயது வரை அம்மா சமையல்தான். பிரான்சில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் திருமணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறக்கின்றன, கிரீஸில் அப்படிப் பிறப்பவை மிகக் குறைவு. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வெள்ளைக்காரன் பண்பாடு’ என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

முதியோர் விஷயத்திலும் அத்தையிடம் ஒன்று கேட்டேன். பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் ஏன் 2007-இல் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது? ஜெர்மனியில் முதியோர் பராமரிப்புக்கென்றே 1995 முதல் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. 2020 முதல் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளிடம் மட்டுமே பெற்றோரின் பராமரிப்புச் செலவை அரசு கேட்கிறது. பணச் சுமையை இறக்கிவைத்த பிறகும் பார்க்க வருகிற பிள்ளைகள் வருகிறார்கள், வராதவர்கள் வருவதில்லை. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அத்தை காபியைக் குடித்துவிட்டு, ‘அங்கே போய் வந்தவுடன் கட்சி மாறிவிட்டாய்’ என்றார்.

உன்னைப் பற்றியும் பெருமையாகத்தான் சொன்னேன். யாழினி பிறந்தபோது நீ பெற்றோர் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்ததை இங்கே பாதிப் பேர் நம்பவில்லை. 2007-இல் வந்த திட்டம் அது, ஒருவர் மட்டும் எடுத்தால் பன்னிரண்டு மாதம், தாயும் தகப்பனும் பகிர்ந்துகொண்டால் பதினான்கு மாதம் உதவித்தொகை என்று நீ விளக்கியதை நான் மனப்பாடமாகச் சொன்னேன். உன் அப்பா உன்னைத் தூக்கிக் கொஞ்சுவதற்கே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார். நீ பால் புட்டியை வெந்நீரில் கொதிக்கவிட்டு, துணி மடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏப்பம் வரும்வரை கூடத்தில் நடந்தவன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த சனிக்கிழமை, தன் உயரத்தில் பாதி இருந்த காகிதக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கூம்பின் மேல் யானைகளை வெட்டி ஒட்டியது கயல், உள்ளே மிட்டாயும் பென்சிலும் நிரப்பியது நீ. ஒரு நாள் இரவில் அவள் ஒட்டி வைத்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, மறுநாள் இரவில் நீ தனியாக உட்கார்ந்து நிரப்பினாய்.

சமையலறையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மேல் தட்டு ஒருவருக்கு, கீழ்த் தட்டு ஒருவருக்கு என்று வைத்துக்கொள்வது ஒருவேளை அங்குள்ள வசதியாக இருக்கலாம். நல்லெண்ணெயே இரண்டு போத்தல், இரண்டும் பாதி பாதி. நான் வைத்த வத்தக்குழம்பை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் அன்று இரவு வெளியிலேயே வைத்துவிட்டேன். பெர்லின் குளிரில் அது கெடவும் இல்லை.

அந்த இத்தாலிய உணவகத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். இடுப்பில் பெரிய கறுப்புத் தோல் பணப்பை கட்டியிருந்த பையன் வந்து, சேர்த்தா தனித்தனியா என்று கேட்டான். எல்லா மேசையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள், நண்பர்கள் ஆளுக்கு ஆள் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை என்று எனக்கும் புரிந்தது. நீ வாயைத் திறப்பதற்குள் கயல் தனித்தனி என்று சொல்லிவிட்டாள். அவள் தன்னுடையதையும் யாழினியுடையதையும் சொன்னாள், நீ உன்னுடையதைச் சொன்னாய். என்னுடைய தக்காளி சூப் மட்டும் யார் கணக்கிலும் சேராமல் நின்றது. பிறகு நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினீர்கள். அந்தப் பையனுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

உங்கள் மூன்றாம் மாடி அம்மையாரோடு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது என்பது உனக்குத் தெரியாது. நீங்கள் வேலைக்குப் போன பிறகு, என் ஆங்கிலத்தையும் அவர் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு காபியும் கேக்கும் சாப்பிட்டோம். ஐரோப்பா என்றால் பிறந்ததிலிருந்தே நவீனமாக இருந்தது என்று நினைத்திருந்தேன். வீட்டுக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று மேற்கு ஜெர்மனியின் சட்டப் புத்தகத்தில் 1977 வரை இருந்ததாம், அவர் அதற்குள்தான் வாழ்ந்திருக்கிறார். மண முறிவு வழக்கில் யார் குற்றவாளி என்று நீதிமன்றம் தேடியதும் அந்த ஆண்டு வரைதானாம். இப்போது யார் தவறு என்று கேட்பதில்லை, பொதுவாக ஓர் ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிரிந்திருக்க வீடு மாற வேண்டியதுகூட இல்லையாம். ஒரே கூரையின் கீழ் தனிச் சமையல், தனிப் படுக்கை, ஒருவர் துணியை மற்றவர் துவைக்காமல் இருந்தால் சட்டம் அதைப் பிரிவு என்று ஒப்புக்கொள்கிறதாம். அவருடைய மகள் அப்படித்தான் இருந்தாளாம், பெர்லினில் வேறு வீடு கிடைக்கவில்லை என்பதால். பேத்தி இப்போது ஒரு வாரம் தாயிடம், ஒரு வாரம் தகப்பனிடம். பழைய மருமகன் கிறிஸ்துமஸுக்கு வந்து மரத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறாராம்.

அவர் தம் மகளைப் பற்றித்தான் சொன்னார், வேறு யாரைப் பற்றியும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் எனக்கு வியப்பாக இருந்தது அந்த அம்மையாருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்ததுதான். மகள் வந்து உட்கார்ந்து, அம்மா, இப்படி முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறாள். அம்மையார் இரண்டு நாள் அழுதிருக்கிறார், பிறகு எழுந்து பேத்திக்கு இரண்டாவது பல் துலக்கி வாங்கியிருக்கிறார். நம் பிள்ளைகள் அந்த ஊரிலிருந்து எதையெதையோ கற்றுக்கொள்கிறார்கள், இதை ஏன் கற்றுக்கொள்வதில்லை என்று நினைத்தேன். நம்மவர்கள் செய்வதை அவர்களைப் போலச் செய்துவிட்டு, மறைப்பதை மட்டும் கும்பகோணத்துக்காரர்களாகவே மறைக்கிறார்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரே கூரையின் கீழ் என்று அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவருக்குக் காரணம் சொல்லவில்லை. நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது மேலவீட்டுப் பங்கு பிரித்த தகராறு வந்ததே, அதற்குப் பிறகு அப்பா திண்ணையில் படுத்தது எத்தனை காலம் என்று உனக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு எந்தச் சட்டமும் ஓர் ஆண்டு என்று கணக்கு வைக்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு முற்றம்தான். நான் அடுப்படியில் நின்று, சோறு எடுத்து வைத்திருக்கிறது என்று அப்பாவிடம் போய்ச் சொல் என்பேன். அவர் திண்ணையிலிருந்து, எனக்குப் பசியில்லை என்று உன் அம்மாவிடம் சொல் என்பார். அவர் சொல்வது எனக்குக் காதில் விழும். நீ முற்றத்தைத் தாண்டி வந்து என்னிடம், ‘கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடுகிறாராம் அம்மா’ என்று சொல்வாய். ஒரு நாளும் நீ அவர் சொன்னதை அப்படியே கொண்டுவந்ததில்லை. அதே போல் நான் சொன்னதும் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. நீ மாற்றிச் சொல்கிறாய் என்று தெரிந்தும் நாங்கள் இருவரும் உன்னை அனுப்பிக்கொண்டே இருந்தோம். அந்த ஆண்டு நீ கணக்கில் தோற்றாய், நான் உன் வாத்தியாரைக் குறை சொன்னேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நான் புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கயல் அடுப்படியிலிருந்து, நாளைக்கு நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப் போவது என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வா என்றாள். யாழினி உன் அறைக்கு வந்து, ‘அப்பா, நாளைக்கு நீங்களும் நீச்சலுக்கு வரணுமாம்’ என்றாள். நீ மடிக்கணினியிலிருந்து நிமிராமல், அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல் என்றாய். அவள் திரும்பிப் போய் என்ன சொன்னாள் என்று நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். ‘அப்பா யோசித்துச் சொல்வாராம்’ என்றாள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. கயல் எனக்கு ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. எனக்கு முழங்கால் வலி என்றதும் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போனவள் அவள்தான், நீ இல்லை. நாளைக்கு எது எப்படி ஆனாலும் அவள் புதன்கிழமை என்னோடு பேசத்தான் வேண்டும், அதை அவளிடமும் சொல்லிவிடு. உன்னையும் குறை சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இருட்டுக் காலத்தில் வைட்டமின் டி மாத்திரையை விடாதே. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அறையைக் குளிர விடாதே. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அலுவலகங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு எழுது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் இப்போதெல்லாம் காபியில் சர்க்கரை போதவில்லை என்பதைக்கூட நேராக என்னிடமே சொல்கிறார். மறுபடியும் சொல்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடு.

தை பிறந்ததும் எதிர்வீட்டுப் பையன் பெர்லினுக்கு வருகிறான், நான்கு கிலோ வரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, மணத்தக்காளி வற்றல், உப்பு நார்த்தங்காய் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒரே பொட்டலமாகக் கட்டுவதா, இரண்டாகக் கட்டுவதா என்று ஒரு வரி எழுது. யாழினிக்குப் பட்டுப் பாவாடை தைத்திருக்கிறேன். இரண்டு பொட்டலம் என்றால், அது எதில் என்பதையும் எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா.