பெஸ்ஸி ஸ்மித் நாடகத்துக்கு இன்னும் 1,850 டாலர் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

செப்டம்பர் 26 அன்று பிலடெல்பியாவில், ப்ளூஸ் இசைப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் வாழ்க்கையை வைத்து நம் குழு போடும் நாடகத்துக்கு அரங்க வாடகை பாக்கியை ஆகஸ்ட் 31க்குள் கட்டியாக வேண்டும். தவறினால் அந்தத் தேதி கைவிட்டுப் போய்விடும்.

தமிழ் நாடகக் குழுவுக்கு இந்தக் கறுப்பினப் பாடகி எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நாம் பிழைக்க வந்த ஊரில் வாழ்ந்தவர் அவர். கிறிஸ்டியன் தெருவில் 1319ஆம் எண் வீட்டெதிரே அவர் பெயர் தாங்கிய நீலப் பலகை நிற்கிறது. குழுவின் மூத்தவர் ஐயா குளிரில் நின்று அதை இரண்டு தடவை வாசித்தார். "நாற்பது வருஷமா இந்தப் பக்கம் போறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கலையே" என்றார். நாடகம் அன்றே தொடங்கிவிட்டது.

டென்னசியின் சட்டனூகாவில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தெருமுனையில் பாடி ஆடிக் காசு சேர்த்த பெண். 1912இல் ஊர் ஊராகப் போகும் ஒரு கம்பெனியில் ஆட்டக்காரியாகச் சேர்ந்தார். பெயர் பெற்ற ப்ளூஸ் பாடகி மா ரெய்னியும் அங்கே இருந்தார். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் ஒரே மேடையில் நடக்கும் வோட்வில் உலகம் அது. 1923இல் வந்த முதல் இசைத்தட்டே ஏழரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் ராயல்டி என்று அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தெற்கே கறுப்பர்களுக்கு விடுதிகளில் இடம் தரமாட்டார்கள். அதனால் கம்பெனி முழுவதும் தங்க ஒரு ரயில் பெட்டியையே சொந்தமாக வாங்கினார். 1927இல் வட கரோலினாவில் கறுப்பர்களைத் தாக்கும் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் முகமூடி போட்ட ஆட்கள், அவர் பாடும் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்தபோது, எதிரே போய் நின்று திட்டியே துரத்தினார். நம் நாடகத்தின் உயிர் அந்தக் காட்சிதான்.

1937இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். பிலடெல்பியாவில் ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள். ஆனால் நகருக்குப் பக்கத்து ஷரன் ஹில்லில் அவரைப் புதைத்த இடத்தில் 33 வருஷம் ஒரு பெயர்க்கல் இல்லை. கல்லுக்கென்று திரட்டிய பணமும் கல்லாக மாறவில்லை. 1970இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக பெஸ்ஸி வீட்டுத் தரையைத் துடைத்த ஹுவானிட்டா கிரீனும் பணம் போட்ட பிறகுதான் கல் வந்தது. தரை துடைத்தவர் கொடுத்தார். நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அரங்கம் 2,400 டாலர், பியானோவும் இரண்டு வாத்தியக்காரர்களும் 1,500, உடை, விளக்கு 900. ஆக 4,800. கையில் இருப்பது 2,950. 74 குடும்பங்கள் தலா 25 டாலர் தந்தால் தீர்ந்தது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோடைகால வேலையின் முதல் சம்பளத்தில் 100 டாலர் நீட்டிய கல்லூரிப் பிள்ளைகள் இருவர், டிக்கெட்டுகளை இலவசமாக அச்சடித்துத் தந்த அன்பர், பெயர் எழுதாத உறையில் 200 டாலர் வைத்துப் போனவர், எல்லோருக்கும் கைகூப்புகிறோம். பெஸ்ஸி மேடையில் அணிந்த இறகுக் கிரீடத்துக்காக ஒரு பாட்டி சமையலறை மேஜையில் ஒவ்வொரு இறகாகப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறார். விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பிசிறு. அந்தக் கைகளுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுள் தரட்டும்.

போன நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்த பலரிடமிருந்து இன்னும் ஒரு டாலர் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம். கொடுப்பதும் ஒரு வழிபாடு என்று வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்?

வரும் ஞாயிறு ஒத்திகையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வரவு செலவு முழுவதும் நாடகத்தன்று வாசலில் ஒட்டப்படும். வர முடியாதவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்