நன்கொடை ரசீது யார் பெயரில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் நெருங்கினால் அறக்கட்டளைகளுக்கு நன்கொடை குவிகிறது. சிறு நிறுவனம் நடத்துவோரில் பலர், கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுத்தால் முழுத் தொகையும் செலவாகக் கழிந்துவிடும் என்று நம்புகிறார்கள். நன்கொடை தொழில் செலவு ஆகாது. அதை லாபத்தோடு திரும்பச் சேர்த்துவிட்டு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில்தான் வருமானத்திலிருந்து கழிவு கேட்க முடியும். நிறுவனத்தின் பெயர்ப் பலகை வைக்கப் பேசிக் கொடுக்கும் பணம் வேறு. அது விளம்பரச் செலவு.

இந்தக் கழிவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2025-26 நிதியாண்டுக் கணக்கில், புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கு 80ஜி கிடையாது. 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கும் கிடையாது. 25 சதவீதத்தில் இருக்கும் கம்பெனி கேட்கலாம். ஆகவே உரிமையாளர் புதிய முறையிலும் அவருடைய கம்பெனி 25 சதவீதத்திலும் இருந்தால், கம்பெனி வழியாகக் கொடுப்பதே மேல். அதே பணத்தை ஈவுத்தொகையாக எடுத்துக் கொடுத்தால், கம்பெனி ஒருமுறை வரி கட்டிய பணத்துக்கு அவரும் வரி கட்ட நேரும். கம்பெனி நஷ்டத்தில் இருக்கும் ஆண்டில் இந்தக் கணக்கு செல்லாது; பயன்படாத கழிவை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழியில்லை.

எவ்வளவு கழியும் என்பதிலும் குழப்பம் உண்டு. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு, மற்ற கழிவுகள் போக உள்ள வருமானத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. கழிவு, அந்த வரம்புக்குள் வரும் நன்கொடையில் பாதி. பழைய முறையில் உள்ள ஒருவருக்கு அப்படி 8 லட்சம் ரூபாய் நிற்கிறது, அவர் 1 லட்சம் கொடுக்கிறார் என்றால், 80,000 மட்டும் கணக்கில் வரும், 40,000 கழியும். 20 சதவீத அடுக்கில் செஸ் சேர்த்து மிச்சமாகும் வரி 8,320 ரூபாய். பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்கு இந்த வரம்பு இல்லை, முழுத் தொகையும் கழியும்.

அதிகம் கெடுவது பெயரில்தான். கம்பெனிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். ரசீதில் இயக்குநரின் பெயரும் பான் எண்ணும் இருக்கும். கம்பெனிக்குக் கழிவு கிடைக்காமல் போய்விடும். போதாததற்கு, அந்த இயக்குநர் கம்பெனியின் பங்குகளை வைத்திருப்பவராகவும் இருந்தால், அவருக்காகக் கம்பெனி கட்டிய பணம் என்று கருதி, அதை அவருடைய ஈவுத்தொகையாக்கி வரி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. தனி உரிமையாளர் நிறுவனத்தில் இந்தச் சிக்கல் எழாது, பான் எண் ஒன்றே. கூட்டு நிறுவனத்துக்குத் தனிப் பான் உண்டு என்பதால் அங்கே கவனம் வேண்டும்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த நன்கொடைக்குக் கழிவே இல்லை. அரிசி, துணி, கணினி போன்ற பொருள்களுக்கும் இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் பாதுகாப்பு.

கம்பெனி கொடுப்பதானால் முதலில் இயக்குநர் குழுத் தீர்மானம் எழுதிவிடுங்கள். ஓராண்டில் கொடுப்பது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால், பங்குதாரர்களின் பொதுக்குழு முன் அனுமதி தர வேண்டும்.

அறக்கட்டளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தப் பெயரையும் பான் எண்ணையும் கேட்டு வாங்கிய பிறகே ரசீது எழுதுங்கள். 2025-26 நன்கொடைகளுக்கு, மே 31-க்குள் அவற்றின் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவம் தாக்கல் செய்து, நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழை அனுப்பிவையுங்கள். நீங்கள் 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால், கையில் ரசீது இருந்தும் கொடுத்தவரின் கழிவு நிராகரிக்கப்படலாம்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்