தண்ணீர் ஏறுவது பட்டை வழியே அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் மரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: மரப்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது, அதனால் மரம் பட்டுப்போகும் என்று. மரம் பட்டுப்போவது சரி. காரணம்தான் தப்பு. முப்பது வருடம் தாவரவியல் நடத்திய பழக்கத்தில் சிவப்பு மைப் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று நினைக்காதீர்கள். இதே நினைப்பால் எங்கள் ஊரில் ஒரு வேப்பமரத்தைக் கோட்டைவிட்டோம்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். பேருந்து நிற்கிற இடத்தில் நின்ற மரம் அது. ஒரு தை மாதக் காலையில் பார்த்தால் இடுப்பு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, சுற்றிலும் பட்டையை உரித்துவைத்திருந்தார்கள். கடையை மறைக்கிறதாம். யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். நான் போய்க் கத்தியபோது, "தண்ணி ஏறலேன்னா இந்நேரம் இலை வாடியிருக்கணும்ல சார், பச்சையாத்தானே நிக்குது" என்றார்கள். பங்குனியில் துளிர்த்தது, சித்திரையில் பூவும் பூத்தது. மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள் என்று மஞ்சள் துணி கட்டினார்கள். அடுத்த வருடம் இலை உதிர்ந்தது. அப்புறம் துளிர்க்கவே இல்லை.

தண்ணீர் ஏறுவது சைலத்தில். அது பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டைப்பகுதி. பட்டையின் உட்புறம் ஈரமாக, நார்நாராக வருகிறதே, அதில் இருப்பது ஃபுளோயம். இலை சமைத்த சர்க்கரை அதன் வழியாகத்தான் வேருக்குப் போகிறது. பட்டையை வளையமாக உரித்தால் ஏறும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கும் சாப்பாடுதான் நின்றுபோகும். சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீரும்வரை வேர் தாக்குப்பிடிக்கும். அதுவும் தீர்ந்து வேர் சாகத் தொடங்கிய பிறகுதான் மேலே தெரியும். அந்த வேம்பு ஒரு வருடம் பச்சையாக நின்றது இதனால்தான். உரித்த அன்றைக்கே ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் கட்டியிருந்தால் ஒருவேளை பட்டை திரும்ப வந்திருக்கும். பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மால்பிகி இப்படிப் பட்டையை உரித்து, வளையத்துக்கு மேலே கிளை வீங்குவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன், கொய்யாவில் விண்பதியம் போடுவதைப் பாருங்கள். கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை எடுத்துவிட்டு, ஈரப்பாசி வைத்துப் பாலித்தீனால் கட்டுவார்கள். இலை ஒன்றுகூட வாடாது. வேர் விடுவது எங்கே? வெட்டின் மேல் உதட்டில். கீழே இறங்க வழியில்லாமல் சாப்பாடு அங்கேதான் தேங்குகிறது. என் வீட்டுக் கொல்லையிலேயே பிரித்துக் காட்டுகிறேன், கட்டுரையாளர் வரட்டும்.

இன்னொன்று. அந்தக் கட்டுரைக்குப் போட்ட படம் தென்னை! தென்னைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அது ஒருவித்திலைத் தாவரம். சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகள் மரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், அறுத்த தென்னங்கட்டையில் புள்ளிபுள்ளியாகத் தெரிவது அவைதான். வெளிப்புறத்தைச் சுற்றிச் செதுக்கினாலும் உள்ளே வழி இருக்கும், மரம் உடனே சாகாது. ஆனால் புதுப் பட்டையும் கட்டையும் வளர்க்கிற கேம்பியம் என்ற அடுக்கு அதில் இல்லாததால் காயம் மூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில், பட்டுக்கோட்டைப் பக்கம் என் மைத்துனர் தோப்பில் ஒரு மரம் இன்னொன்றின் மேல் உரசி விழுந்தது. தப்பிய மரத்தில் அந்தக் காயம் இன்றும் அப்படியே இருக்கிறது, விரலை விடலாம். ஏறுவதற்காக அரிவாளால் படி கொத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட காயத்தைத்தான்.

வேர் மோட்டார் மாதிரி தண்ணீரை மேலே தள்ளுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். டெல்டாக்காரனிடம் மோட்டார் கதை சொல்லலாமா? தரைமேல் வைத்த மோட்டார் இருபத்தைந்து அடிக்குக் கீழே போன தண்ணீரை எடுக்கத் திணறும் என்பதால்தானே குழி வெட்டி மோட்டாரை உள்ளே இறக்கினோம்? அறுபது அடித் தென்னை எந்தக் கரண்டில் எடுக்கிறது? வெயிலில் இலையிலிருந்து ஆவி போகப்போக, சைலத்துக்குள் அறுபடாத சரடாக நிற்கும் தண்ணீர் மேல்நோக்கி இழுபடுகிறது. அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் 1894இல் சொன்ன விளக்கம் இது. வேர் தள்ளுவதே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். குறுவை நாற்றங்காலில் விடியற்காலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் முத்து மாதிரி ஒரு சொட்டு நிற்கும். பனி என்று நினைப்போம். பெரும்பாலும் அது இரவில் வேர் தள்ளி வெளியே வந்த தண்ணீர். அந்தத் தள்ளு நாற்றுக்குக் காணும், தென்னைக்குக் காணாது.

திருத்தம் ஒன்று வெளியிட்டால் நல்லது. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த வேம்புக்கு நூறடி தள்ளி ஓர் இலுப்பை நிற்கிறது. அதிலும் முக்கால் வட்டம் உரித்திருக்கிறார்கள். மிச்சமிருப்பது நாலு விரல் அகலப் பட்டை, வேருக்கு இப்போது சோறு போவது அது வழியாகத்தான். போன வாரம் அதன்மேல் ஆணியடித்து ஒரு டியூஷன் சென்டர் பலகையை மாட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருவையாறு வட்டம்.