கபெஸ்தேர் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கபெஸ்தேர்-பெல்-ஓ ஊராருக்கு,

வணக்கம். உங்கள் ஊரின் நிலப் பயன்பாட்டு வரைபடம் முடிந்துவிட்டது. பிரெஞ்சில் ஒரு நன்றிக் கடிதம் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவது, உங்களில் பலருடைய முன்னோர் கப்பலேறிய புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தாரும் படிக்கட்டும் என்றுதான். 1854 டிசம்பரில் இந்தியக் கூலித் தொழிலாளரை ஏற்றிவந்த 'ஒரேலி' கப்பல், கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான உங்கள் குவாதலூப் தீவில் கரை சேர்ந்த கதையை இங்கே எழுதுகிறவர்கள், உங்கள் ஷாங்கி மாரியம்மன் கோவிலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து மண் என்ன ஆயிற்று என்று கேட்பவர் குறைவு.

முதல் நன்றி, தன் கொல்லைக் கதவைத் திறந்துவிட்ட அம்மாவுக்கு. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒரு விதி இருந்தது. தக்காளி, அவரை, ஈரப்பலா வைக்கலாம். சேம்பும் வள்ளிக்கிழங்கும் கூடாது. கோழியைத் தரையில் மேயவிடக் கூடாது. மண்ணிலுள்ள பூச்சிக்கொல்லி நஞ்சு முட்டையில் ஏறிவிடும். வீட்டுத் தோட்டங்களின் மண்ணை இலவசமாகச் சோதிக்கும் ஜாஃபா திட்டத்தார் சொல்லிப் போனவை இவை.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற அந்தப் பூச்சிக்கொல்லியைத் தூவினார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990இலேயே தடை வந்துவிட்டது. உங்கள் தீவுக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கும் மட்டும் மேலும் மூன்றாண்டுச் சலுகை. சலுகை யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். எரிமலை மண் அந்த நஞ்சை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் அது நீங்க நூற்றாண்டுகள் ஆகுமாம். இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. வாழைப்பழத்துக்கு அந்த நஞ்சு ஏறுவதில்லை. எந்தப் பயிருக்காகத் தூவினார்களோ அதன் பழம் சுத்தமாகக் கப்பலேறிப் போகிறது. உங்கள் அடுப்புக்கு வரவேண்டிய கிழங்குதான் கெட்டது. அந்த அம்மா இதைக் கோபமில்லாமல் விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு அடுத்த நன்றி. எந்தச் சரிவில் கரும்பு நின்றது, 1928 புயலுக்குப் பிறகு வாழை எப்படிப் பரவியது, 2017இல் மரியா புயல் சாய்த்த தோட்டங்களில் எந்தத் துண்டில் மறுபடி கன்று நட்டார்கள், எதைப் புதர் மூடியது, எதில் வீடு எழும்பியது என்று நடந்தே காட்டினார். என்னிடமிருந்த செயற்கைக்கோள் படங்களால் அந்தக் கடைசி வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை.

மீனவத் தம்பிகளே, ஆறுகள் நஞ்சைக் கடலுக்கும் கொண்டுசேர்ப்பதால் கரையோரத்தில் மீன்பிடிக்கத் தடை. தொலைவாகப் போக வேண்டும், எரிபொருள் செலவு உங்கள் தலையில். அப்படியிருந்தும் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டீர்கள். நான் வாந்தி எடுத்ததைக் கரையில் யாரிடமும் சொல்லாததற்குத் தனி நன்றி.

பழைய நிலப்பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நகராட்சி ஊழியர்களுக்கும், சந்தையில் கொலொம்போ என்னும் உங்கள் ஊர்க் கறி மசாலாவைக் காசு வாங்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்த பாட்டிக்கும் என் வணக்கம்.

யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. கெட்ட மண் என்று தெரிந்தால் மனையின் விலை இறங்கிவிடும் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள், அது நியாயம். அதனால் வரைபடத்திலும் தனியார் கொல்லைகளுக்கு எல்லைக்கோடு கிடையாது. அச்சுப் படிகள் நகராட்சி முகவரிக்கு வருகின்றன. பிழை இருந்தால் அதன் மேலேயே பேனாவால் திருத்தி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் தங்கிப் படித்த புதுச்சேரி மாணவன்